நான் சொல்லிக்கொடுத்த பதினோரு பதில்கள்

ஓய்வு பெற்ற பிறகு மதியச் சாப்பாடு முடித்துக் கொஞ்ச நேரம் சாய்வது வழக்கமாகிவிட்டது. தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எங்கள் ஃபினிஷிங் ஷெட் வந்து நிற்கும். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அந்த வெயிலுக்குள் தூசு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும், எந்த அவசரமும் இல்லாமல் மிதக்கும். அவ்வளவு அழகாக இருக்கும். அந்த அழகைத்தான் நாங்கள் அத்தனை வருஷம் உள்ளே இழுத்தோம் என்று நினைவு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

போன வாரம் அப்படி எழுந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. நான் இருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, படிவங்கள் எல்லாம் மாறுகின்றன, தலை சுற்றுகிறது என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"மேரிம்மா, நீங்க இருந்தப்ப ஆடிட்டெல்லாம் எப்புடிச் சமாளிச்சீங்க? புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கலாம். ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

எப்படிச் சமாளித்தோம் என்று உண்மையை எழுதினால் அவள் அதை யாருக்கும் படிக்கக் கொடுக்க மாட்டாள். இருந்தாலும் எழுதுகிறேன். ரெண்டு பக்கத்தில் அடங்காது, அதற்கு நான் பொறுப்பல்ல.

என் பெயர் ஜெயமேரி. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குக் குறைவில்லை, அதில் ஒன்றில் என் ஆயுசு போயிற்று. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, ஃபினிஷிங் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு வருஷம் கழித்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று டைம் ஆபீஸுக்குத் தூக்கினார்கள். வருகைப் பதிவேடு எழுதினேன். பிறகு தொழிலாளர் நலம் பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. நான் கற்றது, பயிற்சி பெற்றது எல்லாம் இவ்வளவுதான்.

ஃபினிஷிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பீங்கான் சாமானில், சுடுவதற்கு முன்னால், ஓரங்களில் பிசிறு நிற்கும். அதை பிளேடால் சீவி உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். ஈர ஸ்பாஞ்சில் துடைத்தும் எடுக்கலாம், தூசு பறக்காது. ஆனால் ஈரத்தில் ஒன்று முடிகிற நேரத்தில் உலர்வாகத் தேய்த்தால் மூன்று முடியும். ஓரமும் மழமழவென்று வரும். அதனால் எங்கள் ஷெட்டில் எல்லோரும் உலர்வாகத்தான் தேய்த்தோம். அரைத்த வெள்ளைக் கல்லும் களிமண்ணும் சேர்ந்த மாவு அது, முகப்பவுடரை விட மெல்லிசு. சாயங்காலம் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் எங்கள் பெண்கள் தலையெல்லாம் வெள்ளையாக ஏறினால் கண்டக்டர், "காலையில கொமரியா எறங்குனீங்க, சாயந்தரம் கெழவியா ஏறுறீங்களே, உள்ள என்னாதான் பண்றாங்க ஒங்கள?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நாங்களும்தான் சிரித்தோம்.

நான் பெஞ்சை விட்டு எழுந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவள் அஞ்சலை. கருவேப்பிலங்குறிச்சிக்காரி. என்னை விட நாலு வயது சின்னவள். வாய் ஓயாது, கை அதை விட ஓயாது. டைம் ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, பேனாவ மட்டும் வெச்சிக்கிட்டு முழுச் சோறு திங்கறியா?" என்று கேட்காமல் ஒரு நாளும் உள்ளே போக மாட்டாள்.

எங்கள் மேனேஜர் வைத்தியநாதன் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. சுட்டு வந்த சாமான் எதைப் பார்த்தாலும் இடது கையில் ஏந்தி, வலது ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல். காதை அருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, அந்த ஒலி அடங்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தச் சில நொடி கல் அரைக்கும் மில்லின் சத்தம்கூட எனக்குக் கேட்காமல் போகும். நாம் ஏதாவது கஷ்டத்தைச் சொல்லப் போனாலும் அப்படித்தான் முழுசாகக் கேட்பார். கடைசியில், "சரிம்மா, பாத்துக்குவோம்" என்பார். அதற்கு ஒன்றும் செய்ய மாட்டேன் என்று அர்த்தம். அது எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று, ஏனென்றால் அதைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது மனசு அவ்வளவு லேசாக இருக்கும்.

ஃபியூஸ் கட்டைகள் செய்துகொண்டிருந்த கம்பெனிக்கு ஒருநாள் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. மெழுகுவத்தி ஸ்டாண்டு. கூடவே ஒரு பெரிய அட்டை வந்தது, தமிழிலேயே அச்சடித்து. தலைப்பு 'நடத்தை விதிகள்'. கட்டாய வேலை கூடாது, சிறுவர் வேலை கூடாது, காற்று சுத்தமாக இருக்க வேண்டும், பாதுகாப்புக் கவசம் தர வேண்டும், குறை சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது. கேட் பக்கத்தில் மாட்டினோம். முதல் நாள் அதன் கீழே நின்று நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பெண்கள் ஜபம் கேட்பது போலக் கேட்டார்கள். "யாருக்கா இதெல்லாம் எழுதுனது? ரொம்ப நல்ல மனசு" என்றாள் அஞ்சலை. அவள் கிண்டல் பண்ணவில்லை.

விதிகள் நடக்கின்றனவா என்று வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குகிற கம்பெனி சார்பில் ஆள் வந்து பார்க்கும். அதுதான் ஆடிட். முறை ஒன்றுதான். முதலில் ஆபீஸில் டீ. பிறகு ஷெட்டெல்லாம் சுற்றல். பிறகு பதிவேடுகள். மதியத்துக்கு மேல் வருகைப் பதிவேட்டில் விரலை வைத்துப் பத்துப் பேரைப் பொறுக்கித் தனி அறையில் வைத்துப் பேசுவார்கள். அங்கே எங்களில் யாரும் போகக் கூடாது.

அந்தத் தனி அறைக்குத்தான் நான் ஆட்களைத் தயார் செய்தேன். வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் பதினொன்று. பதினொன்றுக்கும் பதில் எழுதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுப்பேன். "தூசு இருக்கா?" "தூசு இல்லீங்க, ஈர ஸ்பாஞ்சுலதான் தொடைக்கிறோம்." "மாஸ்க்?" "எல்லாருக்கும் குடுத்திருக்காங்க." "ஏதாவது கொறை?" "ஒரு கொறையும் இல்லீங்க." முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, கேட்பவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்தினம் பீரோவிலிருந்து மாஸ்க்குகளை எடுத்துக் கொடுப்பேன். பெஞ்சுக்கு ஒரு வாளித் தண்ணீர் வரும். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான களிம்பை மாற்றுவேன். ஆடிட் முடிந்த மறுநாள் மாஸ்க்குகளை எண்ணித் திரும்ப பீரோவில் வைப்பேன். எங்கள் கம்பெனி ஒருமுறைகூடத் தவறவில்லை. எனக்கு அதில் பெருமையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

இந்த நேரத்தில்தான் அஞ்சலைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கேட்டிலிருந்து ஷெட்டுக்கு நூறு அடி இருக்கும். பாதியில் நிற்பாள். யாராவது பார்த்தால் புடவை மடிப்பைச் சரிசெய்வாள், இல்லை செருப்பில் கல் என்று உதறுவாள். வாய் குறைந்தது. ஜன்னலில் எட்டிப் பார்ப்பது நின்றுபோயிற்று. நானே ஒருநாள் எழுந்து போய், "வாடி டாக்டர்கிட்ட" என்று இழுத்துக்கொண்டு போனேன். அதற்குமுன் இருமலோடு இருந்த வேறு பெண்களையும் அப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன். நலம் பார்க்கிறவள் அல்லவா!

நெஞ்சு நோய் பார்க்கும் லேடி டாக்டர். வாசலில் தரும் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், வயது, ஊர். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். எங்கள் பக்கம் யாரும் அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதுவதில்லை. ரேஷன் கார்டிலும் கூலி, பள்ளிக்கூடச் சேர்க்கையிலும் கூலி. தவிர, மேனேஜர் சார் ஒருமுறை மெதுவாகச் சொல்லியிருந்தார்: "ஆஸ்பத்திரியில கம்பெனி பேர எதுக்கும்மா எழுதணும்? கூலின்னு போட்டாப் போதும்." கூலி வேலை செய்கிற பெண்ணுக்கு மாசக்கணக்கில் இருமல் என்றால் டாக்டருக்கு முதலில் டிபி நினைவுதான் வரும். ஆறு மாத மாத்திரை. அஞ்சலை ஒரு வேளை தவறாமல் போட்டாள். தவறாமல் பெஞ்சிலும் உட்கார்ந்தாள்.

ஆறு மாதம் முடிந்து போனோம். டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் விளக்குப் பலகையில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். ஜன்னல் வழியே மத்தியான வெளிச்சம் மேசையில் விழுந்திருந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றியது. எனக்குக் கண் செருகிற்று.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டிருக்காங்க. சளியிலயும் கிருமி இல்ல. ஆனா படம் மட்டும் மோசமாயிட்டே போவுது. எனக்குப் புரியல" என்றார் டாக்டர். பேனாவை எடுத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்தார். "கூலின்னு போட்டிருக்கு. என்ன கூலிம்மா? எங்க வேலை?"

"கம்பெனியிலங்க" என்றாள் அஞ்சலை.

"அங்க தூசு இருக்குமா?"

அஞ்சலையின் முதுகு நிமிர்ந்தது. கை இரண்டும் மடிக்குப் போயிற்று. டாக்டர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"தூசு இல்லீங்க. ஈர ஸ்பாஞ்சுலதான் தொடைக்கிறோம். மாஸ்க் எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. ஒரு கொறையும் இல்லீங்க."

என் தூக்கம் போயிற்று. டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்களும் அங்கதான் வேலையா? இவங்க சொல்றது சரிதானா?"

நான் தலையாட்டினேன்.

இந்தக் கட்டுரையில் நான் எழுத வேண்டியிருந்தது இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் நடந்தவை. கூட இருந்து கூட்டிப் போனவள், நலம் பார்க்கச் சம்பளம் வாங்கியவள், ஆம் என்று தலையாட்டினேன். டாக்டர் இன்னொரு சோதனைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தோம். "ஏண்டி டாக்டர்கிட்ட அப்புடிச் சொன்ன?" என்று கேட்டேன், என்னவோ தப்பு அவளுடையது மாதிரி.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதானக்கா சொல்லிக் குடுத்த? யாரு பேப்பர் பேனாவோட ஒக்காந்து கேட்டாலும் இப்புடித்தான் சொல்லணும்னு. மாத்திச் சொன்னா ஆர்டர் போயிடும், எல்லாப் பொண்ணுங்களும் வூட்டுக்குப் போவணும்னு சொன்னியே. நான் சரியாத்தான சொன்னேன்?"

சரியாகத்தான் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவள் பஸ் வந்தது. "போயிட்டு வரேங்க்கா" என்று ஏறினாள். மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றாள்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அஞ்சலைக்கு வந்திருப்பது டிபி இல்லை, நம் தூசுதான் என்று நினைக்கிறேன், டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் தொழில் நோய் என்று எழுதுவார், ஈஎஸ்ஐ காப்பீட்டில் அவளுக்கு வழி பிறக்கும், அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கலாம் என்றேன். சார் கையில் ஒரு மெழுகுவத்தி ஸ்டாண்டு இருந்தது. சுண்டினார். கேட்டார். கீழே வைத்தார்.

"எழுதுனா அடுத்த நாளே இன்ஸ்பெக்டர் வருவாரு. வாங்கறவனுக்குத் தெரியும். இந்த ஆர்டர நம்பி எத்தன குடும்பம் இருக்குதுன்னு ஒனக்குத் தெரியாததா ஜெயமேரி?" அப்போதும் குரல் ஏறவில்லை. "அடுத்த வாரம் ஆடிட்டு. அன்னிக்கி மட்டும் அந்தப் பொண்ணுக்கு லீவு போட்டுடு. அப்புறம் பாத்துக்குவோம்."

அன்று மட்டும் வெளியே வரும்போது மனசு லேசாக இல்லை.

லீவு போடுவது சின்ன வேலை. பதிவேட்டில் ஒரு கட்டத்தில் ஒரு எழுத்து. ஆடிட் நாள் காலையில் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வரிசையாகப் போனார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. யார் யார் என்றே அடையாளம் தெரியவில்லை. கடைசியாக ஒருத்தி பாதி வழியில் நின்று செருப்பை உதறினாள். அவளை மட்டும் தெரிந்தது. 'வருகை' என்று குறித்தேன்.

அந்த வருஷம் வந்தவர் வித்யா என்ற மேடம். சென்னையிலிருந்து வந்தவர், முப்பது வயதிருக்கும். மதியத்துக்கு மேல் அவர் பொறுக்கிய பத்துப் பேரில் அஞ்சலையும் இருந்தாள். உள்ளே போகுமுன் அவள் கையைப் பிடித்து, "உள்ளத உள்ளபடி சொல்லிடுடி" என்றேன். "போக்கா, கடைசி நேரத்துல வந்து கொழப்பாத" என்று கையை உதறிவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு மேடம் என் மேசைக்கு வந்தார். "அஞ்சலைங்கறவங்க எல்லாக் கேள்விக்கும் நல்ல பதிலா சொன்னாங்க. தூசு இல்ல, கொறை இல்ல. ஆனா அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாலு இடத்துல நிறுத்தி மூச்சு வாங்கினாங்க" என்றார். பிறகு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க."

அவர் கையிலும் பேப்பர் பேனா இருந்தது. சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீரோவைத் திறந்து, மாஸ்க்குகள் வருஷம் முழுக்கக் கிடக்கும் அட்டைப்பெட்டியைக் காட்டினேன். பதினோரு பதில்கள் எழுதிய தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இந்தப் பதிலெல்லாம் என்னுதுங்க மேடம், அவளுது இல்ல" என்றேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். பல வாரம் பாதிப் பேருக்குத்தான் வேலை. சில பெண்கள் என் முகத்தில் விழிக்கவில்லை. சார் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, குறை சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது என்று அட்டையில் இருந்ததே! பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். உலர்வாகத் தேய்ப்பது நின்றது. தூசு இழுக்கும் குழாய்கள் வந்தன. ஆர்டரும் திரும்பி வந்தது.

அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை நான் பேசினேன். எத்தனை வருஷம், என்ன மாவு, எப்படித் தேய்த்தோம் எல்லாம். டாக்டர் பெயர் சொன்னார், சிலிகோசிஸ். கல்தூசு நுரையீரலில் படிந்து இறுகிப்போவது. மருந்து கிடையாது என்றார். அவர் கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா சரியாயிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சரியாயிருக்காது. ஆனா அதுக்கப்புறமும் அவங்க போயி அந்தத் தூசுல உக்காந்திருக்க மாட்டாங்க."

தொழில் நோய்தான் என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டது. அஞ்சலை வேலையை விட்டு நின்று உதவித்தொகை வாங்கினாள். கம்பெனியில் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. வேன் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு வருஷம் பெஞ்சில் இருந்தவள் என்று என்னையும் எடுத்தார்கள்.

படங்கள் வந்த நாள் அடிக்கடி கனவு போல வரும். காலை பத்து மணி வெயில். உறையில் பெயர் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பெண்கள் முற்றம் முழுக்க அங்கங்கே நின்று படத்தை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். வானத்தில் வரிசை வரிசையாக விலா எலும்புகள். சிலருக்கு நல்ல செய்தி இல்லை. அதைச் சொல்வதும் என் வேலையாகத்தான் இருந்தது.

அஞ்சலை எப்போது வந்தாள் என்று கவனிக்கவில்லை. பஸ் பிடித்து வந்து, கேட் ஓரம் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் பாதியாகிவிட்டாள். "ஒன்னுத எங்க? காட்டு" என்று கை நீட்டினாள். நான் இன்னும் பிரிக்கவே இல்லை. அவளே பிரித்தாள். தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். எத்தனை படம் பார்த்தவள், டாக்டருக்குப் பாதி தேறிவிட்டாள்.

"இங்க ஒண்ணுமில்ல. இங்கயும் இல்ல. சுத்தமா இருக்குதுக்கா!" சிரிக்க ஆரம்பித்து மூச்சு முட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடங்கிய பிறகு சொன்னாள்: "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வந்திருந்தேன்."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறை உள்ளவர்கள் அதைக் காகிதத்தில் மனுவாக எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். வேண்டியது நடந்ததும் மறுபடி போய்த் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். ஏமாற்றியவன் மேலும் பிராது கட்டுவார்கள், கெடுத்தவள் மேலும் கட்டுவார்கள்.

"எம்மேலயா?" என்றேன்.

"ஐய, ஒம்மேல எதுக்குக்கா? ஒனக்காவ. ஒம்படத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு." படத்தை மடங்காமல் உறையில் போட்டு என் கையில் வைத்தாள். "நடந்துட்டுது. பிராத திருப்பி வாங்கணும். இன்னொரு தடவ என்னால அவ்வளோ தூரம் நடக்க முடியாது. நீயே போயிட்டு வந்துடு."

அடுத்த திங்கட்கிழமை போனேன். மாதா கோயிலைத் தவிர வேறு கோயில் வாசல் அதிகம் மிதிக்காதவள் நான். அங்கே இருந்தவர், "எந்தக் கொறைக்கும்மா பிராது குடுத்திருந்தீங்க?" என்று கேட்டார்.

"நான் குடுக்கலீங்க. எனக்காவ ஒருத்தி குடுத்தா" என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியாமல் அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டேன்.